பழைய 1035 டிராக்டர் ஹைட்ராலிக்கில் விறகு பிளக்கும் மெஷின்: டிப்பர் பாயிண்டில் கொடுத்தால் ஓடுமா?

கூடலூர்_விறகு
டிராக்டர் மாஸி ஃபெர்குசன் (எம்.எஃப்.) 1035, சிங்கிள் கிளட்ச். டிப்பர் டிரெய்லருக்கு ஹைட்ராலிக் எண்ணெய் வெளியே எடுத்த பாயிண்ட் ஏற்கெனவே இருக்குங்க. கையில் இருக்கிற சிலிண்டர் 100 மி.மீ. போர் (உள் விட்டம்), 50 மி.மீ. ராடு, 600 மி.மீ. ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்), பழைய ஜே.சி.பி.யில் இருந்து கழற்றினது. பிளக்க வேண்டியது தைலமரமும் சில்வர் ஓக்கும், ஒன்றரை அடித் துண்டு. டீ ஃபேக்டரி டிரையருக்குப் போற விறகு. கேள்வி மூணு:
டிப்பர் பாயிண்டிலேயே ஹோஸ் மாட்டினால் ஓடுமா? வேகம் எப்படி இருக்கும்? ஃபிரேமுக்கு 150 ஐ பீம் (150 மி.மீ. உயர "I" வடிவ இரும்பு) தாங்குமா?

மேட்டுக்காடு77
ஓடும் ஓடும். ஒரே ஹோஸ் போதும். டிப்பர் மாதிரி லீவரைத் தூக்கினால் தள்ளும், இறக்கினால் எண்ணெய் திரும்பிடும். சிலிண்டருக்கு ஒரு ஸ்பிரிங் போட்டுக்குங்க, அதுவே இழுத்துக்கும்.

பம்ப்ரிப்பேர்
மேட்டுக்காடு அண்ணே, டிப்பர் பெட்டி இறங்குவது அதன் எடையால். கிடையாகப் படுத்திருக்கும் சிலிண்டருக்கு அந்த எடை கிடையாது. 600 மி.மீ. நீளத்துக்கு எண்ணெயைப் பிதுக்கித் தள்ளும் ஸ்பிரிங் செய்தாலும், அதை அழுத்தவே பாதி சக்தி போய்விடும். இரண்டு பக்கமும் எண்ணெய் போகிற டபுள் ஆக்டிங் அமைப்பும், அதற்கு ஒரு கண்ட்ரோல் வால்வும், டேங்குக்கு (இந்த டிராக்டரில் கியர்பாக்ஸே டேங்க்) தனி ரிட்டர்ன் ஹோஸும் வேண்டும்.

கூடலூர் தம்பி, முதலில் இந்த டிராக்டரின் பம்ப் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இது ஃபெர்குசன் காலத்து அமைப்பு. 4 பிஸ்டன் பம்ப், கியர்பாக்ஸ் எண்ணெய்க்குள் முங்கிக் கிடக்கிறது. மற்ற பெரும்பாலான டிராக்டர்களில் பம்ப் எப்போதும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வால்வு அதை எங்கே அனுப்புவது என்று தீர்மானிக்கும். இதில் கண்ட்ரோல் வால்வு இருப்பது உறிஞ்சும் பக்கத்தில். லிஃப்ட் கை (பின்னால் கலப்பையைத் தூக்கும் கை) கேட்ட உயரத்துக்கு வந்ததும் உள்ளே வரும் எண்ணெயையே அது அடைத்துவிடும். பம்ப் சுற்றும், எண்ணெய் வராது.

ஆகவே மெஷினுக்கு எண்ணெய் தொடர்ந்து வர வேண்டுமென்றால் "தூக்கு" என்று லீவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த எம்.எஃப். 35 குடும்பத்தில் பொசிஷன் லீவரை டிரான்ஸ்போர்ட் குறியைத் தாண்டி மேலே தள்ளினால் கான்ஸ்டன்ட் பம்பிங் என்கிற இடம் வரும். வேலை நடக்கும்போது லீவர் அங்கே இருக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். டிப்பர் பாயிண்டும் லிஃப்ட் சிலிண்டரும் ஒரே குழாய் மாதிரி. மரத்தில் ஆப்பு முட்டி அழுத்தம் ஏறும்போது அதே அழுத்தம் லிஃப்டுக்கும் போகும், கைகள் முதலில் எகிறும். வால்வை நடுவில் விட்டதும் லிஃப்டில் இருக்கிற எண்ணெய் உங்கள் வால்வு வழியாகவே டேங்குக்குப் போய், கைகள் இறங்கும். மெஷினை த்ரீ பாயிண்டில், அதாவது அந்த லிஃப்ட் கைகளில், மாட்டியிருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் மெஷினே ஏறி இறங்கும். மாட்டாவிட்டாலும் கைகள் உச்சியில் முட்டி நின்று, உள்ளே லிஃப்ட் பிஸ்டன் முழு அழுத்தத்தையும் வாங்கிக்கொண்டிருக்கும். டாப் கவர் (லிஃப்டை மூடியிருக்கும் மேல் வார்ப்பு) வெடிப்பு விடுவது இப்படித்தான்.

தீர்வு: டாப் கவரில் சீட்டுப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்ஃபர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஐசொலேட்டர் வால்வு மாட்டுவது. அதைத் திருப்பினால் லிஃப்ட் அடைபடும், பம்ப் எண்ணெய் முழுவதும் வெளியே போகும்.

கூடலூர்_விறகு
அப்போ ஐசொலேட்டர் போட்டால் கைகள் கீழேயே இருக்கும், லீவர் மட்டும் மேலே?

பம்ப்ரிப்பேர்
ஆமாம். கைகள் நகராததால் "இன்னும் உயரம் வரவில்லை" என்றே கண்ட்ரோல் வால்வு நினைத்துக்கொண்டிருக்கும், எண்ணெயை அடைக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் வேலை முடிந்ததும் முதலில் லீவரை முழுக்க இறக்க வேண்டும், பிறகுதான் ஐசொலேட்டரைத் திருப்ப வேண்டும். மறந்து திருப்பினால் கைகள் ஒரே பாய்ச்சலில் மேலே வரும். பின்னால் ஆள் நின்றால் தாடை போகும். ஐசொலேட்டர் கைப்பிடிக்குப் பக்கத்தில் பெயின்டில் எழுதி வையுங்கள்.

சிங்கிள் கிளட்சில் கிளட்சை மிதித்தால் பம்பும் நிற்கும். நின்ற இடத்தில் செய்கிற வேலை என்பதால் அது குறையில்லை. நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை.

கணக்குப்புள்ளி
வேகம் கேட்டீங்களே. பம்ப் எவ்வளவு தருகிறது என்று அளக்காமல் சிலிண்டரைப் பற்றிப் பேசி லாபமில்லை. இந்த வயது பம்புகளுக்கு நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். அளந்தபின் மாற்றிக்கொள்ளுங்கள்.

100 போருக்குப் பரப்பு 78.5 ச.செ.மீ. 600 ஸ்ட்ரோக்குக்கு 4.7 லிட்டர். தள்ள 19 விநாடி. திரும்பும்போது ராடு இடத்தை அடைத்துக்கொள்வதால் 3.5 லிட்டர், 14 விநாடி. ஒரு சுற்றுக்கு 33 விநாடி. 140 பார் அழுத்தத்தில் தள்ளும் சக்தி சுமார் 11 டன்.

80 போர், 40 ராடு என்றால் தள்ள 12, திரும்ப 9, மொத்தம் 21 விநாடி. சக்தி 7 டன் சொச்சம்.

கடையில் 20 டன், 30 டன் என்று எழுதி விற்பதைப் பார்த்துப் பெரிய சிலிண்டருக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பம்பின் பலவீனம் அழுத்தமில்லை, அளவு. 15 லிட்டரும் 140 பாரும் சேர்ந்தால் 3.5 கிலோவாட், அதாவது 5 எச்.பி.க்குக் கொஞ்சம் கீழே. 35 எச்.பி. எஞ்சினில் இருந்து நீங்கள் எடுக்கப்போவது அவ்வளவுதான். பச்சைத் தைலமரமும் சில்வர் ஓக்கும் நேர் நாரு. 80 போரே போதும் என்பது என் கருத்து.

சவுக்குத்தோப்பு
எல்லா மரத்துக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. தைலமரம் பச்சையில் கோடு போட்ட மாதிரி பிளக்கும், ஆறு மாதம் காய்ந்து நார் பின்னிக்கொண்டால் 7 டன்னில் ஆப்பு பாதியில் நின்றுவிடும். புளி, கணுவுள்ள வேம்பு, சீமைக்கருவேல அடிமரம் வந்தால் 11 டன்னே திணறும். தென்னை வேண்டவே வேண்டாம், நசுங்குமே தவிரப் பிளக்காது. இருக்கிற 100 சிலிண்டரை வைத்துக்கொண்டு நேரத்தைக் குறைக்கிற வழியைப் பார்ப்பது நல்லது.

வழி இருக்கிறது. துண்டு ஒன்றரை அடி, அதாவது 450. அப்படியிருக்க ராடு 600-க்கும் பின்னால் போக வேண்டிய அவசியம் என்ன? ராடில் இரண்டு பாதியாகப் பிளந்த பைப் காலர் மாட்டி 120 மி.மீ. அளவுக்குத் தடுத்தால், 33 விநாடி 26-க்கு வரும். இன்னொன்று, நேர் நாரு மரம் ஆப்பு 15 செ.மீ. ஏறும்போதே இரண்டாகிவிடும். அங்கேயே வால்வு லீவரைத் திருப்பிவிட வேண்டும். கடைசி வரை தள்ளிக்கொண்டே நிற்கிறவர்தான் மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று குறை சொல்வார்.

கணக்குப்புள்ளி
காலர் யோசனை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலர் ராடின் குரோம் மேல் உராயக் கூடாது. உள்ளே நைலான் புஷ் போட்டு, திரும்பும்போது சிலிண்டர் முகப்பில் தட்டையாக முட்டுகிற மாதிரி கடைந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் முட்டினால் ராடு சீல் போய்விடும்.

பம்ப்ரிப்பேர்
அளக்கும் முறை. டிப்பர் பாயிண்டில் 0–250 பார் கேஜ், அதற்கு அடுத்து ஒரு நீடில் வால்வு, அதிலிருந்து ஹோஸ். ஹோஸ் முனையைப் பக்கெட்டோடு கட்டிவிடுங்கள், கையில் பிடிக்க வேண்டாம். எஞ்சினை, பி.டி.ஓ. (பின்னால் கருவிகளை ஓட்டும் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்றுகிற வேகத்தில் வைத்து:

முதலில் நீடில் முழுக்கத் திறந்து 20 விநாடி. 5 லிட்டர் வந்தால் நிமிடத்துக்கு 15.
அடுத்து நீடிலை மெதுவாக அடைத்துக் கேஜில் 140 பார் வரவைத்து மறுபடி 20 விநாடி.

இரண்டாவது அளவுதான் உண்மையான அளவு. சுமையில்லாமல் 5 லிட்டர் தரும் பம்ப், அழுத்தத்தில் 3 லிட்டர்தான் தருகிறது என்றால் பிஸ்டனும் வால்வு சேம்பரும் தேய்ந்துவிட்டன, அல்லது பம்பிலிருந்து டாப் கவருக்கு ஏறும் ஸ்டாண்ட் பைப்பின் ஓ ரிங் கசிகிறது. பின்னது அடிக்கடி வரும், செலவும் குறைவு. பம்பை இறக்கும் முன் அதைப் பாருங்கள். இந்தச் சோதனையை எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, அரை நாள் உழுதபின் சூட்டில் ஒருமுறை செய்ய வேண்டும். காலையில் நன்றாக ஓடி மதியம் மரத்தைக் கண்டால் நிற்கிறது என்கிற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

ஒவ்வொரு சோதனைக்கும் பின் பக்கெட் எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊற்றிவிடுங்கள். டிராக்டரின் பின் பகுதிக்குள் இருப்பது மொத்தமே 30 லிட்டர் சொச்சம்தான்.

ஹோஸ்_பிட்டிங்
வால்வு, ஹோஸ் பற்றி நான் சொல்கிறேன்.

வால்வு ஓப்பன் சென்டராக இருக்க வேண்டும். லீவர் நடுவில் இருக்கும்போது எண்ணெய் தடையில்லாமல் டேங்குக்குப் போகிற வகை. க்ளோஸ்டு சென்டர் வால்வை மாட்டினால் லீவரைத் தொடாமல் நின்றாலே டிராக்டரின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறந்து எண்ணெயை விடுவது) கத்தும். விறகு மெஷினுக்கென்றே வருகிற வால்வில் தள்ளும் பக்கம் கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும், இழுக்கும் பக்கம் மட்டும் டீடென்ட் (லீவரைப் பிடித்து வைக்கும் கொக்கி) பிடித்துக்கொள்ளும், முழுக்கத் திரும்பியதும் தானாக விடும். தள்ளும் பக்கமும் பிடித்துக்கொள்கிற வால்வு வேண்டாம், விரல் விஷயம்.

வால்விலேயே ரிலீஃப் இருக்கும். அதை 140-இல் வையுங்கள். டிராக்டரின் சொந்த ரிலீஃப் எம்.எஃப். 35 வகையில் 2500 பி.எஸ்.ஐ. வாக்கில், அதாவது 170 பார் பக்கம் இருக்கும். வெளி ரிலீஃப் அதற்குக் கீழே இருந்தால் சுமை வரும்போது வெளியே இருக்கிறது திறக்கும், கியர்பாக்ஸுக்குள் இருப்பது சும்மா இருக்கும்.

பிரஷர் ஹோஸ் அரை இஞ்ச் டூ ஒயர் (உள்ளே இரண்டு அடுக்குக் கம்பி வலை). சிங்கிள் ஒயர் அரை இஞ்ச் 160 பார்தான், விளிம்பில் ஓடும். ரிட்டர்ன் முக்கால் இஞ்ச். காரணம்: சிலிண்டர் திரும்பும்போது உள்ளே 15 லிட்டர் போனால் பின் பக்கத்தில் இருந்து 20 லிட்டர் வெளியே வரும். ரிட்டர்ன் சிறிதானால் பின்னழுத்தம் ஏறி டீடென்ட் பாதி வழியிலேயே விட்டுவிடும். பலர் வால்வு கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள்.

ரிட்டர்னில் க்விக் கப்ளர் போடவே போடாதீர்கள். அது சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளே இருக்கிற குண்டு வழியை அடைத்துவிடும். டேங்க் பக்கத்து அறை முழு அழுத்தத்துக்குச் செய்ததல்ல, வால்வு பாடி பிளந்துகொள்ளும். பிரஷர் பக்கம் கப்ளர் போடலாம்.

மரையில் ஏமாறாதீர்கள். அரை இஞ்சும் முக்கால் இஞ்சும் பி.எஸ்.பி., என்.பி.டி. என்கிற இரண்டு மரை வகையிலும் இஞ்சுக்கு 14 மரைதான், கையில் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். ஆனால் மரையின் கோணம் ஒன்றுக்கு 55 டிகிரி, மற்றதற்கு 60; மாற்றி மாட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும், கடைசியில் வார்ப்பு வெடிக்கும். டிராக்டரில் இருந்து கழற்றிய பிளக்கைக் கடைக்கு எடுத்துப் போய் மரை கேஜ் வைத்துப் பாருங்கள். நேர் மரை என்றால் டௌட்டி வாஷர் (உள் விளிம்பில் ரப்பர் உள்ள இரும்பு வாஷர்) போதும். டெஃப்லான் டேப் சுற்றினால் அதன் துணுக்கு வால்வுக்குள் நகரும் தண்டில் (ஸ்பூல்) போய் மாட்டும்.

மேட்டுக்காடு77
ரிட்டர்னை எங்கே கொடுக்கிறது? எண்ணெய் ஊற்றுகிற மூடியில் ஓட்டை போட்டு விடலாமா?

ஹோஸ்_பிட்டிங்
அங்கேயே விடலாம், ஆனால் மேலிருந்து அருவி மாதிரி கொட்டவிடக் கூடாது. கொட்டினால் காற்று கலந்து எண்ணெய் பால் நிறத்தில் நுரைக்கும், பம்ப் அந்த நுரையை உறிஞ்சும், சிலிண்டர் விக்கி விக்கி நகரும், பம்ப் கடகடவென்று சத்தம் போடும். மூடிக்கு ஒரு அடாப்டர் கடைந்து, உள்ளே ஒரு குழாய் இறக்கி, அதன் முனை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே கியரில் படாமல் நிற்க வேண்டும். முனையைச் சாய்வாக வெட்டி, பக்கச்சுவரைப் பார்த்துத் திருப்புங்கள். மூடியில்தான் காற்றுத் துளையும் இருந்தால் அதற்கு மாற்று வழி வைக்க மறக்காதீர்கள்.

ரிட்டர்னில் 25 மைக்ரான் ஃபில்டர் ஒன்று, பைபாஸ் உள்ளது. உங்கள் ஜே.சி.பி. சிலிண்டரை முதலில் பிரித்துக் கழுவுங்கள். அதிலிருந்து வருகிற துகள் நேராகக் கியருக்கும் பம்புக்கும் போகும். இரண்டும் ஒரே எண்ணெய்.

சவுக்குத்தோப்பு
எண்ணெய் என்றதும் நினைவு வருகிறது. மெஷினுக்கு ஆகும் எண்ணெய்க்காக 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றி நிரப்பிவிடுவார்கள். இது கியருக்கும் சேர்த்துதான், டிராக்டர் புத்தகத்தில் சொன்ன எண்ணெயையே ஊற்ற வேண்டும். ஆயில் பிரேக் (அதே எண்ணெயில் முங்கிய பிரேக்) உள்ள வண்டி என்றால் இன்னும் கண்டிப்பாக.

முதல் தடவை சிலிண்டரும் ஹோஸும் நிறைய 4 முதல் 5 லிட்டர் இழுத்துக்கொள்ளும். ராடை உள்ளே இழுத்து நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். ராடு வெளியே வரும்போது மட்டம் இன்னும் ஒரு லிட்டருக்கு மேல் இறங்கும், அது சகஜம். சரிவில் நிறுத்தினால் பம்பின் உறிஞ்சு வாய் வெளியே தெரிந்துவிடும். கூடலூர்ப் பக்கம் சமதளம் கிடைப்பதே அபூர்வம், அதனால் சொல்கிறேன்.

கணக்குப்புள்ளி
சூடு. ரிலீஃப் திறந்திருக்கும்போது அந்த 3.5 கிலோவாட்டும் எண்ணெயில் சூடாகத்தான் போகும். 30 லிட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 டிகிரி. இரும்பு கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், ஆனாலும் கணுவில் மாட்டின மரத்தோடு ஐந்து நிமிடம் மல்லுக்கு நின்றால் 20 டிகிரி ஏறும். 5 விநாடிக்கு மேல் ரிலீஃப் கத்தினால் விட்டுவிட்டு மரத்தைத் திருப்பி வையுங்கள். நடுவில் விட்டிருக்கும்போது 8 பார் பின்னழுத்தம் இருந்தாலும் 0.2 கிலோவாட்தான், அதற்குப் பயமில்லை.

இப்போது ஃபிரேம். 150 பீம் தாங்காது. கணக்கைப் பாருங்கள்.

சிலிண்டர் மையம் பீமின் மேல் தட்டிலிருந்து 10 செ.மீ. உயரம் என்று வைத்தால், பீமின் மையக் கோட்டில் இருந்து 17.5 செ.மீ. 11,200 கிலோ விசை × 17.5 = 1,96,000 கிலோ-செ.மீ. ஐ.எஸ்.எம்.பி. 150 (இந்தியத் தர ஐ பீம்) வளைவைத் தாங்கும் அளவு, அதாவது செக்ஷன் மாடுலஸ், 96.9 கன செ.மீ. வகுத்தால் வளைவுத் தகைவு 2,020. இதோடு நேர் இழுவை, பீமின் பரப்பு 19 ச.செ.மீ. என்பதால், 11,200 ÷ 19 = 590. கூட்டினால் சதுர செ.மீ.க்கு 2,600 கிலோ. சாதாரண இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்குவதே 2,550-இல். ஆக முதல் கணு மரத்திலேயே வாழைப்பழம் மாதிரி வளையும்.

ஐ.எஸ்.எம்.பி. 200: மையக் கோட்டில் இருந்து சிலிண்டர் 20 செ.மீ., மாடுலஸ் 223.5, பரப்பு 32.3. வருவது 1,350 கிலோ. மீட்டருக்கு 25.4 கிலோ எடை, விலை கூடத்தான். 80 சிலிண்டர் போட்டால் 150 பீமிலேயே முடித்திருக்கலாம், 1,670-தான் வரும். இதற்காகத்தான் முதலில் சின்ன சிலிண்டர் சொன்னேன்.

லேத்துக்காரன்
200 பீம் போட்டாலும் வெல்டு சரியில்லை என்றால் பயனில்லை. ஆப்பு நிற்கிற இடத்தில் பீமின் மேல் தட்டு மட்டும் விசையை வாங்கும், தட்டு கிழியும். ஆப்புக்குப் பின்னால் இரண்டு முக்கோணக் கஸெட், 16 மி.மீ. பிளேட், அதற்கு நேர் கீழே பீமின் நடுச்சுவரில் இரு பக்கமும் ஸ்டிஃப்னர் (விறைப்புத் தகடு).

ஆப்பு 25 மி.மீ. பிளேட், 20 செ.மீ. உயரம், முனைக்கு லாரி பட்டையை வெட்டி வைக்கலாம், ஆனால் அது ஸ்பிரிங் இரும்பு. சூடேற்றி லோ ஹைட்ரஜன் வெல்டிங் ராடில் வெல்டு பண்ணி, சாம்பலில் புதைத்து ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி மாதிரி விரியும். முனையைக் கத்தி மாதிரி தீட்டாதீர்கள், மடங்கும். முதல் 4 செ.மீ. ஒல்லியாக ஏறி, பிறகு அகலமாகும் படி இரண்டு சாய்வு. ஒல்லி நாரைப் பிரிக்கிறது, அகலம் துண்டைப் பிளக்கிறது.

சிலிண்டர் பீப்பாயில் எதையும் வெல்டு வைக்காதீர்கள், உள் சுவர் சுருங்கிப் பிஸ்டன் சீல் போகும். சிலிண்டரின் பின்பக்க வளையத்தில் 35 மி.மீ. இரும்பு முளை (பின்), இரண்டு பக்கமும் 16 மி.மீ. காது. தள்ளு பிளேட்டை ராடில் நேராக வெல்டு பண்ணாமல் முளை போட்டுக் கோத்து, பீம் தட்டைக் கவ்விக்கொண்டு நகரும் ஷூ மேல் உட்கார வையுங்கள். ஷூவுக்கும் தட்டுக்கும் இடைவெளி ஒன்றரை மி.மீ. கோணல் மரம் தருகிற பக்க விசையை ராடு வாங்காமல் ஷூ வாங்கிக்கொள்ளும்.

மேட்டுக்காடு77
நாலு துண்டாகப் பிளக்கிற பிளஸ் வடிவ ஆப்பு போட்டால் நேரம் பாதியாகுமே?

லேத்துக்காரன்
11 டன்னுக்கு அது வேண்டாம். பிளஸ் ஆப்புக்கு இரண்டு மடங்கு விசை கேட்கும், ரிலீஃப் திறந்து எண்ணெய்தான் சூடாகும். 15 செ.மீ.க்கு உட்பட்ட பச்சைத் தைலமரத்துக்கு மட்டும், கழற்றி மாட்டுகிற மாதிரி குறுக்கு இறக்கை செய்து வைத்துக்கொள்ளலாம். குறுக்கு இறக்கை நிமிர்ந்த ஆப்புக்கு 5 செ.மீ. பின்னால் தொடங்கட்டும், இரண்டும் ஒரே நேரத்தில் கடிக்கக் கூடாது.

கூடலூர்_விறகு
ரொம்ப நன்றிங்க. இவ்வளவு வேலைக்குப் பதிலா பி.டி.ஓ.வில் தனி பம்ப் போட்டால்?

பம்ப்ரிப்பேர்
விறகே தொழில் என்றால் அதுதான் சரி. 540-இல் சாதாரண கியர் பம்ப் போதுமான வேகம் எடுக்காது. 1:3 வேகம் கூட்டும் கியர்பாக்ஸோடு 20 சி.சி. பம்ப் என்றால் 32 லிட்டர் வரும். உங்கள் 33 விநாடி 16-க்குக் கீழே போகும். 140 பாரில் எஞ்சினிடம் 10 எச்.பி.க்கு மேல் கேட்கும், 1035-க்கு அது பெரிய சுமையில்லை. தனி டேங்க் 60 லிட்டராவது, 68 நம்பர் ஆயில் அதில் தாராளமாக ஊற்றலாம், டிராக்டர் கியருக்குள் குப்பை போகிற பயமும் இல்லை. வால்வு, ஹோஸ், ஃபிரேம் எல்லாம் அப்படியே பயன்படும், வால்வு 40 லிட்டர் தாங்குகிறதா என்று மட்டும் இப்போதே பார்த்து வாங்கிவிடுங்கள். முதலில் டிராக்டர் பம்பில் ஓட்டி, பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

ஹோஸ்_பிட்டிங்
ஒன்று விட்டுப்போனது. ஹோஸில் ஊசித் துளை விழுந்தால் வருகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள் பாய்ந்துவிடும். கடித்த மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், சில மணி நேரத்தில் கை வீங்கி விரலையே எடுக்க வேண்டி வரும். கசிவைத் தேட அட்டைத் துண்டு. குத்தியது என்று சந்தேகம் வந்தாலே நேராகப் பெரிய ஆஸ்பத்திரி, "ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

சவுக்குத்தோப்பு
மரத்தைப் பிடிக்கிற ஆளும் லீவரை இழுக்கிற ஆளும் ஒருவராக இருக்கட்டும். ஒருவர் பிடிக்க இன்னொருவர் இழுக்கிற இடத்தில்தான் விரல் போகிறது. தொட்டி மாதிரி இரண்டு பக்கமும் தகடு மடித்து வைத்தால் மரத்தைப் பிடிக்கவே வேண்டியதில்லை.

கூடலூர்_விறகு
ஆப்பு நிலையாக, தள்ளு பிளேட் நகர்கிற மாதிரி செய்தால் பாதி பிளந்து ஆப்பிலேயே மாட்டிக்கிற துண்டை எப்படி எடுக்கிறது? பின்னால் இழுத்தாலும் வராதே.

லேத்துக்காரன்
எடுக்க வேண்டாம். அடுத்த துண்டை வைத்துத் தள்ளுங்கள், அது இதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கு ஆப்புக்குப் பின்னால் பீம் இன்னும் 40 செ.மீ. நீண்டு, தடுப்பில்லாமல் இருக்க வேண்டும். நாள் முடிவில் மாட்டுகிற கடைசித் துண்டுக்கு ஒரு குட்டைக் கட்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சம்மட்டியால் அடிக்காதீர்கள், ஆப்பின் வெல்டு விடும்.